‘ஆரம் இப்போது அடகுக்கடையில் இருக்கிறது’

(சட்ட ஆலோசனை: வாசகர் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்)

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு நடத்தும் ஆசிரியை எழுதிய கடிதம் இது. ஐந்து பக்கம். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். மாணவன் எழுதிய விடையையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுத் தாள்களை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். ‘ஆரம் என்றால் என்ன?’ என்பது 2 மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவன் எழுதியிருந்தான்: ‘ஆரம் என்பது அம்மா கழுத்தில் இருந்தது. இப்போது அடகுக்கடையில் இருக்கிறது. பொங்கலுக்குள் திருப்பிவிடலாம் என்று அப்பா சொன்னார்.’

அறையில் இருந்த நான்கு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். பெயர் இருந்த மேல்பகுதியை மடித்துவிட்டு, இவர் கைப்பேசியில் படம் எடுத்து, கணக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்றாம் நாள் அது ஒரு முகநூல் பக்கத்தில் சினிமா காமெடியனின் முகத்தோடு சுற்றியது. பையனின் வகுப்புத் தோழர்கள் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். உறவுக்காரர் ஒருவர் வழியாக அம்மாவின் பிறந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆரம் அவர்கள் போட்ட சீர். ‘நாங்க போட்ட நகை எங்கே?’ என்று தாய்மாமன் வந்து வாசலில் நின்றிருக்கிறார். பையனுக்கு ‘அடகுக்கடை’ என்று பட்டப்பெயர். ஆறு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அப்பா பள்ளி வாசலில் சத்தம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார்.

ஆசிரியை கேட்பது: பெயரை மறைத்துவிட்டேனே, இது எப்படித் தப்பாகும்? போலீஸ் வழக்கு வருமா? ‘எழுத்தில் எதையும் ஒத்துக்கொள்ளாதே, மன்னிப்புக் கேட்டால் அதுவே சாட்சி’ என்கிறார் சங்கத்துக்காரர், அது சரியா? வேண்டுமென்றே கிண்டலாக எழுதிய பையனுக்குப் பொறுப்பே இல்லையா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நீங்கள் சிரித்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. என் அம்மாவும் ஆசிரியைதான். தேர்வு முடிந்த வாரங்களில் வீட்டுக் கூடத்தில் சணல் கயிறு கட்டிய தாள் கட்டுகள் கிடக்கும், மதிப்பெண் கூட்டிச் சரிபார்ப்பது எங்கள் வேலை. நடுநடுவே அம்மா ஒரு விடையைச் சத்தமாகப் படிப்பார், நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம். நாற்பது தாளில் ஒரே வரியை நாற்பது தடவை படிப்பவருக்கு அந்தச் சிரிப்பு ஒரு வாய் மோர் மாதிரி. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்தால் அம்மா கட்டை மூடிவிடுவார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த அக்காவின் மகனும் அம்மாவின் வகுப்பில்தான் படித்தான்.

உங்கள் சிக்கல் சிரிப்பில் இல்லை. தாள் அந்த அறையை விட்டு வெளியே போனதில் இருக்கிறது.

அவன் கிண்டல் செய்தானா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் மனநிலையை அதுதான் தீர்மானிக்கும். உங்கள் கடிதத்திலேயே ஒரு தகவல் இருக்கிறது, நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதே தாளில் அடுத்த கேள்வி ‘விட்டம் ஆரத்தைப் போல் எத்தனை மடங்கு?’ அதற்கு அவன் ‘2 மடங்கு’ என்று சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

கிண்டல் செய்ய நினைத்த பையன் அங்கேயும் அல்லவா செய்திருப்பான்? விட்டம் அதைவிட வசதியான சொல். ‘கூரையைத் தாங்குவது, பல்லி சத்தமிடும் இடம்’ என்று எழுதியிருக்கலாம். அவன் எழுதவில்லை. ‘விட்டம் = 2 × ஆரம்’ என்ற சூத்திரம் அவனுக்கு மனப்பாடம். ஆரம் என்பது வட்டத்தில் எந்தக் கோடு என்பது மட்டும் தெரியாது. கேள்வி ‘வட்டத்தின் ஆரம்’ என்றும் கேட்கவில்லை, வெறுமனே ‘ஆரம் என்றால் என்ன’ என்று கேட்டது. வீட்டில் இரண்டு மாதமாக ராத்திரிப் பேச்சு முழுவதும் எந்த ஆரத்தைப் பற்றியோ, அந்த ஆரத்தையே அவன் எழுதினான். கேட்டதற்கு நேர்மையான பதில் அது. 0 போட்டது சரிதான், மாற்ற வேண்டாம். ஆனால் ‘திமிர்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். தமிழில் கணக்கும் அறிவியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கண்ணி நிறைய இருக்கிறது. வட்டத்தின் ஆரமும் கழுத்தின் ஆரமும் வேரில் வெவ்வேறு சொற்கள். முன்னது சக்கரத்தின் ஆரக்காலோடு சேர்ந்தது, பின்னது ‘ஹாரம்’ என்பதிலிருந்து வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாண் வில்லிலும் இருக்கிறது, வட்டத்திலும் இருக்கிறது. அலகு கொக்குக்கும் உண்டு, நீளத்துக்கும் உண்டு. படி ஏறுவதா, அரிசி அளப்பதா, அடுக்கெண்ணா? வர்க்கமூலம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் எழும் சிரிப்பு எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும். சரியாக எழுதிய முப்பது பேரில் எத்தனை பேருக்கு ஆரம் எது என்று தெரியும், எத்தனை பேர் வரியை ஒப்பித்தார்கள் என்று அந்த முப்பது தாளும் உங்களுக்குச் சொல்லாது. எங்கே புரியவில்லை என்பதைச் சொன்னது அந்த ஒரே தாள்தான்.

பெயரை மறைத்தது போதுமா?

போதாது. அடையாளம் என்பது பெயர் மட்டும் அல்ல. கையெழுத்து ஒரு அடையாளம். வீட்டுச் செய்தி அதைவிடப் பெரிய அடையாளம். அந்த வாக்கியத்தை அச்சில் கோத்துப் போட்டிருந்தால்கூடத் தாய்மாமனுக்குப் புரிந்திருக்கும்.

‘பள்ளிக்குச் சொந்தமான தாள்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புச் சொன்னது. தேர்வெழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்பதே தீர்ப்பின் மையம். வாரியமோ, ‘நம்பி ஒப்படைக்கப்பட்ட தகவல், காட்ட முடியாது’ என்று வாதாடியிருந்தது. அப்படி ஒரு நம்பிக்கைப் பொறுப்பு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது விடைத்தாள் மூன்றாம் நபர் கையில் போகாமல் தடுக்கத்தான் உதவுமே தவிர, எழுதியவரையே தடுக்க உதவாது என்றது நீதிமன்றம். உங்கள் வழக்கு பொதுத்தேர்வும் இல்லை, தகவல் மனுவும் இல்லை. இருந்தாலும் ‘பள்ளியின் தாள், நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்’ என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகு அந்த வாதம் இன்னும் மெலிந்துவிட்டது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

போலீஸ் வழக்கு வருமா?

புகார் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. அது வழக்காக நிற்குமா என்பது வேறு.

சங்கத்துக்காரர் ‘சிறுவர் அடையாளத்தை வெளியிட்டால் ஜெயில்’ என்று பயமுறுத்தியிருக்கிறார். அவர் நினைப்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவையும் போக்சோவின் 23-ஆம் பிரிவையும். முதலாவது, சட்டத்தோடு முரண்பட்ட சிறார், பாதுகாப்புத் தேவைப்படும் சிறார், குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான சிறார் பற்றியது. இரண்டாவது பாலியல் குற்றங்கள் பற்றியது. இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமை செய்தால் 3 ஆண்டுவரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மனத்துன்பமும் அதில் அடங்கும் என்பதால் அப்பாவின் வழக்கறிஞர் அதைக் கையிலெடுக்கப் பார்க்கலாம். ஆனால் தாக்குதல், கைவிடுதல், வேண்டுமென்றே புறக்கணித்தல் போன்ற செயல்களைப் பற்றிப் பேசும் பிரிவு அது. நீங்கள் செய்தது அதற்குள் எளிதில் அடங்காது என்பது என் கருத்து.

அவதூறு? பையனைப் பற்றியும் அவன் வீட்டைப் பற்றியும் பொய்யாக எதுவும் சொல்லப்படவில்லை. ‘உண்மையைத்தானே போட்டேன்’ என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் கேடயம் ஆகாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும். அடுத்த வீட்டு அடகுச் சீட்டில் என்ன பொது நன்மை?

உங்களுக்கு நிஜமான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது அந்தச் சட்டம், உங்கள் மாணவனுக்கு 12. ‘துன்புறுத்தும் நோக்கம் இல்லை’ என்பது உங்கள் தரப்பில் நல்ல வாதம். ஆனால் ஆறு நாள் வராத பதிவேடு எதிர்த்தரப்பில் அதைவிட நல்ல சாட்சி.

ஒத்துக்கொள்வதா, வேண்டாமா?

இப்போது வந்திருப்பது விளக்கம் கேட்கும் கடிதம் மட்டும். அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின்படி சிறு தண்டனைக்காக வரும் 17(அ) குறிப்பாணையும் இல்லை, பெரும் தண்டனைக்காக வரும் 17(ஆ)-வும் இல்லை. இந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதுவதுதான் அடுத்து எது வரும், வருமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்யும்.

சங்கத்துக்காரர் சொல்வதில் பாதி உண்மை. எழுத்தில் ஒத்துக்கொண்டால் துறை விசாரணையில் அது சாட்சிதான். ஆனால் மாற்று வழியைப் பாருங்கள். குழுவில் அந்தப் படத்தை முதலில் போட்ட எண் உங்களுடையது, அதைப் பார்த்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ‘நான் போடவில்லை’ என்று எழுதி, அடுத்த வாரம் ஒருவர் திரைப்பதிவைக் கொண்டுவந்து கொடுத்தால், கவனக்குறைவு என்று முடிந்திருக்க வேண்டியது மேலதிகாரியிடம் பொய் சொன்ன தனிக் குற்றச்சாட்டாக வளரும். கண்டனத்தோடு முடியக்கூடிய விஷயத்தை ஊதிய உயர்வு நிறுத்தம்வரை இழுத்துச்சென்ற ஒரு விளக்கக் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் இருந்தது ஒரே ஒரு பொய்.

மௌனமாக இருப்பதும் ஒரு வழிதான். கால அவகாசம் கேட்கலாம், கிடைக்கும். அவகாசம் முடிந்த பிறகும் எழுத வேண்டியது இதேதான் என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் யோசனை: நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தக் குழுவில், பெயரை மறைத்துப் போட்டேன்; வெளியே போகும் என்று எதிர்பார்க்கவில்லை; மாணவனும் குடும்பமும் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன்; நீக்குவதற்கு இன்னின்ன செய்தேன்; இனி இப்படி நடக்காது. ஒரு பக்கம் போதும். ‘துன்புறுத்தினேன்’, ‘அவமானப்படுத்தினேன்’ போன்ற சொற்களைப் போட வேண்டாம், அவை விசாரணை அதிகாரி முடிவுசெய்ய வேண்டியவை. பையனைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வேண்டாம். உடன் சிரித்த மூன்று பேரின் பெயரும் வேண்டாம், குழுவில் போட்டது நீங்கள் மட்டும்தான். நகலில் தலைமையாசிரியரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் நடவடிக்கையே வராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. வந்தாலும் தாங்கக்கூடிய அளவில் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

படத்தை நிறுத்துவது

இதைக் கடிதம் எழுதுவதற்கு முன்பே செய்யுங்கள். குழுவில் நீங்கள் போட்ட பதிவைத் தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு நீக்குங்கள். முதலிலேயே அழித்துவிட்டால் சாட்சியை மறைத்ததாகப் பேச்சு வரும். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்குமாக அழிக்க’ ஏறக்குறைய இரண்டு நாள்தான் அவகாசம், உங்களுக்கு அது கடந்துவிட்டது. ஆனால் குழு நிர்வாகியால் நீக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். யாரும் அனுப்ப வேண்டாம், வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று உங்கள் பெயரிலேயே குழுவில் எழுதுங்கள். அந்த முகநூல் பக்கத்துக்குச் செய்தி அனுப்புங்கள். சிறுவனுடைய கையெழுத்து, குடும்பம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் பல பக்கங்கள் தாமாகவே எடுத்துவிடும். எடுக்காவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, விதி குறிக்கும் நாளுக்குள் முடிவு தர வேண்டும். முழுவதுமாக அழியாது. அதைப் பையனின் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த வீட்டுக்குப் போவது

போங்கள். மனுவுக்குப் பயந்து போவதாக அவர்கள் நினைப்பார்கள், நினைக்கட்டும், பாதி உண்மைதானே. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெண் உறுப்பினர் ஒருவரோடு போங்கள். வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வாசலில் நின்று பேசாமல் உள்ளே உட்கார்ந்து பேசுங்கள், வாசல் பேச்சு அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது. ‘பெயரை மறைச்சுத்தாம்மா போட்டேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘தப்பு என்னோடது’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். கேட்டால் மன்னிப்பு பேரமாகிவிடும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளவும் ஆள் இருக்கும். நகையைத் திருப்பப் பணம் தருகிறேன் என்ற உங்கள் யோசனையும் வேண்டாம். மனம் நல்லதுதான். ஆனால் அந்த வீட்டு அடகைப் பற்றி நீங்கள் இனி எதுவுமே பேசக் கூடாது.

பையனிடம் தனியாக ஒரு வரி: ‘உன் தாளை நான் வெளியே காட்டியிருக்கக் கூடாது.’ அவன் பதில் சொல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

பட்டப்பெயர் விஷயத்தை வகுப்பாசிரியர் வழியாக முடியுங்கள். பொதுவாகக் கூட்டத்தில் அறிவுரை சொன்னால் இன்னும் நாலு வகுப்புக்குப் பரவும். அழைக்கிற இரண்டு மூன்று பேரைத் தனியே கூப்பிட்டுப் பேசினால் போதும். அவன் வர மறுத்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் ஆலோசகரோடு பேச வைக்கலாம்.

இனி வரும் தாள்களைப் பற்றி

இனிமேல் வேடிக்கையான விடையைப் பகிரவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வார இதழ்களில் மாணவர்களின் தவறான விடைகள் துணுக்குகளாக வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அவை அச்சில் வந்தன. எந்த ஊர், யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க வழியில்லை. இன்று விடையோடு பையனும் சேர்ந்தே போகிறான்.

சக ஆசிரியர்களோடு பேச ஒரு விடை உதவும் என்று தோன்றினால் படம் எடுக்காதீர்கள், சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். வீடு, பணம், சாதி, நோய், சண்டை எதுவாவது உள்ளே வந்தால் அதைத் தொடவே வேண்டாம். வேடிக்கை எங்கிருந்து வருகிறதோ அந்தச் சிக்கலை மட்டும் எடுத்து வேறு விடையாக மாற்றுங்கள். இந்தப் பதிலில் நான் செய்திருப்பது அதுதான். உங்கள் மாணவன் எழுதியது ஆரத்தைப் பற்றி அல்ல, அவன் வீட்டில் நடந்ததும் அடகு அல்ல. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பொதுத்தேர்வு திருத்தும் முகாம் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே நடந்தது அங்கேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சில விடைகள் சிரிப்பை வரவழைத்த கையோடு அடிவயிற்றைப் பிசையும். அடி, பசி, வேண்டாத தொடுகை பற்றி ஒரு வரி தென்பட்டால் பேனாவை வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா நேரமும் இயங்குகிறது. பாலியல் குற்றம் என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோவின்படி உங்கள் மீதே குற்றமாகும்.

கடைசியாக, அந்தச் சொல்லை மறுபடி நடத்தத்தான் வேண்டும், வகுப்பில் இன்னும் பலருக்கு அது புரிந்திருக்காது. ஆரமாக இருந்திருந்தால் சைக்கிள் சக்கரம் ஒன்றை வகுப்புக்கு உருட்டிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். உங்கள் சொல்லுக்கு எது பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியும். அவன் திரும்பி வந்த பிறகு நடத்துங்கள். அன்றைக்கு அவனை எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம்.